உள்ளப்புண் ஆற்றும் உரையாடல்

உடலிற்பட்ட புண்ணைப் பிறரும் காண்பர். உள்ளத்திற்பட்ட புண்ணைப் பட்டவரே அறிவர். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பீரங்கிக் குண்டுகளின் நடுவே பதுங்குகுழிகளிற் கிடந்த வீரர் பலர், மேனியில் ஒரு காயமும் இன்றியே நடுக்கமுற்றனர், பேச்சிழந்தனர், கொடுங்கனவு கண்டு அலறினர். அவரைக் கோழையர் என்று இகழ்ந்தாரும் உளர். இரக்கமுடையோர், "நடந்ததை மறந்துவிடு, இனியவற்றையே எண்ணு" என்று அறிவுரை கூறினர். அவ்வறிவுரையும் பயன்படவில்லை. பகலெல்லாம் முயன்று அடக்கிய நினைவு இரவில் இருமடங்காய் எழுந்தது.

இதனை நன்குணர்ந்தவர் ரிவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தங்கித் தொதவர் வாழ்க்கையை ஆராய்ந்து, 1906இல் பெருநூல் வெளியிட்டவரும் இவரே. பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் பழக்கம் அம்மலையிலேயே அவருக்கு வாய்த்திருத்தல் கூடும். 1916இல் அவர் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனையில் பணியேற்றார்.

அவரிடம் இளம் படை அதிகாரி ஒருவர் வந்தார். அவருடைய நண்பர் குண்டு வெடித்து மாண்டவர். தலையும் கைகால்களும் வேறு வேறாய்ச் சிதறிக் கிடந்த அவ்வுடலைத் தேடிக் கண்டவர் இவ்வதிகாரியே. அக்காட்சி இரவிற் கனவாய் வந்து வருத்தியது. ரிவர்ஸ் அதனை மறக்கச் சொன்னாரல்லர். அதனைப் பற்றி எண்ணவும் பேசவும் இடம் தந்தார். பின்னர் ஓர் உண்மையைச் சுட்டினார். உடல் அத்துணைச் சிதறியமையே, நண்பர் நெடுநேரம் துன்புறாது நொடிப்பொழுதில் உயிர் நீத்தார் என்பதற்குச் சான்றன்றோ? அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பின்பு ஒரு கனவில் அதே உடலைக் கண்டார், திகில் தோன்றவில்லை. உறவினர்க்கு அனுப்பவேண்டிய பொருள்களை எடுக்க அருகே மண்டியிட்டவர், மெல்ல அழுதவாறு விழித்தார். அச்சம் அகன்று, நண்பரை இழந்த துயரம் மட்டும் நின்றது. துயரம் மனிதர் தாங்கக்கூடியதே.

எல்லார்க்கும் இம்முறை கைகூடவில்லை. ஆறுதலுக்குச் சிறிதும் இடந்தராத நினைவால் வாடிய மற்றோர் அதிகாரியைப் பற்றியும் ரிவர்ஸ் மறையாது எழுதினார்.

பேசி ஆற்றும் மருத்துவம் பின்னாளில் ஒழுங்குபெற்று வளர்ந்தது. அமெரிக்க உளவியலறிஞர் பட்ரீசியா ரெசிக் வகுத்த முறை வழக்கமாக 12 சந்திப்புகளைக் கொண்டது. "என்னால்தான் இது நேர்ந்தது" என்பது போன்ற எண்ணங்களை நோயாளி தாமே எழுதி, அவற்றிற்குச் சான்று உண்டா என்று மருத்துவருடன் ஆராய்வார். எட்னா ஃபோவா வகுத்த முறையில், நிகழ்ந்ததை நோயாளி மீண்டும் மீண்டும் வாய்விட்டுக் கூறுவார். பதிவு செய்த அவ்வுரையை வீட்டிலும் கேட்பார். நாளடைவில் நினைவின் கொடுமை தணியும். அது கடந்துபோன ஒன்று என்பதை உள்ளம் ஏற்கும்.

ஆயினும், இடர் நேர்ந்த உடனேயே ஒருவரை இருத்தி, ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லச் செய்தல் வேறு. அது பிற்கால நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்பொழுது அவருக்கு வேண்டுவன பாதுகாப்பும், உணவும், உறக்கமும், உற்றார் துணையுமே.