பள்ளியின் பெயர்ப்பலகை

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லும் நம்மவர் பலர் பலகையிலுள்ள முன்னெழுத்துக்களைக் கவனிப்பதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

'எஸ்.கே.' என்பது தேசியப் பள்ளி, போதனை மலாயில். 'எஸ்.ஜே.கே.' தேசிய மாதிரிப் பள்ளி; அடைப்பிலுள்ள 'டி' தமிழ், 'சி' சீனம். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தாவும் கிள்ளான் சிம்பாங் லீமாவும் 'டி' வகையே. பழைய சான்றிதழ்களில் நடுவே ஓர் 'ஆர்' இருக்கும். அது ஆரம்பப் பள்ளி என்பதற்கான அடையாளம், இப்போது இல்லை. ஆறாண்டு முடித்தபின் பெரும்பாலோர் சேருமிடம் 'எஸ்.எம்.கே.' எனும் இடைநிலைப் பள்ளி. அங்கே தமிழ் ஒரு பாடமேயன்றிப் போதனாமொழியன்று.

"தமிழ்ப் பள்ளியில் விட்டால் மார்க்கக் கல்வி போய்விடும், மலாய்ப் பள்ளியில் விட்டால் தமிழ் போய்விடும்" என்று நம் வீடுகளில் நடக்கும் விவாதம் பழையது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. ஒரு பள்ளியில் 5 முஸ்லிம் மாணவர் இருந்தாலே இஸ்லாமியப் போதனை அளித்தாக வேண்டும். தேசியப் பள்ளியில் 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்தாக வேண்டும்.

முன்னது தானே வரும். பின்னது கேட்டால்தான் வரும். கடையை ஒரு காலைப்பொழுது அடைத்துவிட்டு, பதினைந்து வீடுகளின் கையெழுத்தோடு தலைமையாசிரியரைப் பார்க்க யார் முன்வருகிறார்கள்?