பெரிய டிஸ்க்கா, வேகமான டிஸ்க்கா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

கணிப்பொறியின் மற்ற உறுப்புகள் பழுதானால் பணம் மட்டுமே போகும். ஹார்டு டிஸ்க் பழுதானாலோ, பணத்தோடு சேர்ந்து எழுதி வைத்த பாடங்களும், பாட்டியின் படங்களும், அண்ணன் கல்யாண வீடியோவும் போகும். ஆகையால்தான் புது டிஸ்க் வாங்கும் நாள் வந்தால், "இருப்பதிலேயே பெரியதாக வாங்குவோம்" என்கிறார்கள் வீட்டில். "வேகமானதாக வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். இரண்டும் நியாயமான பேச்சுத்தான். ஆனால் கையில் உள்ள பணம் ஓர் அளவுதான். மடிக்கணினிக்குள் டிஸ்க் வைக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். எதை விட்டுக்கொடுப்பது?

எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வி சும்மா எழவில்லை. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளோடு எங்களுடையதைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. அந்நாளில் பிளஸ் டூ படித்த அக்காமார்கள் இன்று வேலைக்கோ, புகுந்த வீட்டுக்கோ போய்விட்டார்கள். மடிக்கணினி மட்டும் தங்கைகளின் கைக்கு வந்திருக்கிறது. அவற்றுள் பலவற்றில் இருக்கும் 320 ஜி.பி. டிஸ்க்குகள் இப்போது ஒவ்வொன்றாகக் களைத்து வருகின்றன.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒன்றிரண்டு வட்டத் தகடுகள் உண்டு. அவற்றின்மேல் மெல்லிய காந்தப் பூச்சு. தகடு ஓயாமல் சுழல, ஒரு சிறு கரம் உள்ளும் புறமும் நகர்ந்து, நுனியில் உள்ள தலையால் எழுதுகிறது, படிக்கிறது. தாத்தா வீட்டு இசைத்தட்டுப் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே தலை தகட்டைத் தொடுவதில்லை. தொட்டால் அன்றோடு கதை முடிந்தது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் யந்திரத்தில் 2 அடி விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. எடை ஏறத்தாழ 1 டன். அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் போதும், அதை நிரப்பிவிட!

மடிக்கணினி டிஸ்க்குகளில் இரண்டு வேகங்களைக் காணலாம். நிமிடத்துக்கு 5,400 சுற்று ஒன்று. 7,200 சுற்று மற்றொன்று. 7,200 என்றவுடன் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும் என்று எண்ணத் தோன்றும். பத்தாம் வகுப்புக் கணக்கே வேண்டாம், ஆறாம் வகுப்புக் கணக்கு போதும், போட்டுப் பார்ப்போம்.

5,400-ஐ 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி. நாம் கேட்கும் செய்தி தகட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே சராசரியாக அரைச்சுற்று, அதாவது சுமார் 5.6 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். 7,200-க்கு இதே கணக்குப்படி 4.2 வரும். மிச்சமாவது 1.4 மில்லி விநாடி. ஆனால் அதற்கு முன்பே கரம் சரியான தடத்துக்கு நகர்ந்து சேர வேண்டுமே! அந்தப் பயணத்துக்கு மடிக்கணினி டிஸ்க்குகளில் சராசரியாக 12 மில்லி விநாடி அளவில் பிடிக்கும். இரண்டையும் கூட்டினால் ஒன்றுக்கு 17.6, மற்றதற்கு 16.2. மூன்றில் ஒரு பங்கு என்று நினைத்த இலாபம் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது பாருங்கள்.

இதைப் பால்காரரின் சைக்கிளோடு ஒப்பிடலாம். அவர் எவ்வளவு விரைந்து மிதித்தாலும், வீட்டுக்கு வீடு இறங்கி, கதவைத் தட்டி, அளந்து ஊற்றுவதில்தான் பொழுது கழிகிறது. சைக்கிளை மாற்றிப் பயன் இல்லை. மடிக்கணினியைத் திறக்கும்போதும் இதுவே நடக்கிறது. இயக்க முறையும் மென்பொருள்களும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக அங்கும் இங்கும் கிடக்கின்றன. கணக்குக்காக 6,000 துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் டிஸ்க்குக்குத் தேடும் நேரம் மட்டும் ஏறத்தாழ 106 விநாடி. இரண்டாவதற்கு 97 விநாடி. இரண்டு வீட்டிலும் அம்மா காப்பி போட்டு முடித்திருப்பார்கள்.

அதே டிஸ்க் ஒரு நீண்ட கோப்பை இடைநிறுத்தாமல் படிக்கும்போது சோம்பேறியே அல்ல. விநாடிக்கு 100 எம்.பி. வரை எளிதாகத் தரும். 2 மணி நேரம் ஓடும் 1.5 ஜி.பி. திரைப்படம் ஒன்றைப் பார்ப்பதற்குத் தேவையானதோ விநாடிக்கு 0.2 எம்.பி.தான்! திரைப்படத்துக்கும் பாட்டுக்கும் புகைப்படத்துக்கும் வேகம் வாங்குவது, நடந்து போகிற தூரத்துக்கு விரைவு ரயிலில் சீட்டு எடுப்பது போன்றது. வேகம் தேவைப்படுவது சிறு துண்டுகளுக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி எஸ்.எஸ்.டி. இதில் தகடும் இல்லை, கரமும் இல்லை, சுழற்சியும் இல்லை. 1980-களில் ஜப்பான் நாட்டுத் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியியலாளர் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. சின்னஞ்சிறு அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்து, மின்சாரம் நின்ற பின்னும் செய்தியைக் காக்கிறது. எந்தத் துண்டைக் கேட்டாலும் 0.1 மில்லி விநாடி அளவில் கையில் கிடைக்கும். நமது 6,000 துண்டுகளுக்கு 0.6 விநாடி! மடிக்கணினி முக்கால் விநாடியில் திறந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிராசஸரும் தன் வேலையைச் செய்ய வேண்டும் அல்லவா? ஆயினும் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பழைய மடிக்கணினியின் இணைப்பு புது எஸ்.எஸ்.டி.யின் முழு வேகத்துக்கு ஈடு கொடுக்காது என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மைதான், புதிய சாட்டா இணைப்பில் விநாடிக்கு 550 எம்.பி. வரை வரும், பழையதில் அதில் பாதிதான். ஆனால் நமக்கு இலாபம் குழாயின் அகலத்தில் இல்லை, தேடும் நேரம் ஒழிந்ததில் இருக்கிறது. அது பழைய இணைப்பிலும் கிடைக்கும்.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக் கதையை இங்கே சொல்ல வேண்டும். அவள் அக்காவின் மடிக்கணினியில் 320 ஜி.பி. டிஸ்க் 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பத் தொடங்கியது. இப்படி ஒலி வந்தால் உடனே செய்ய வேண்டியது, இன்றியமையாதவற்றை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு அதை ஓட்டாமல் நிறுத்துவதுதான். அவர்கள் அப்படியே செய்தார்கள். பிறகு கடையில் மூன்று பெட்டிகளைக் காட்டினார்கள். 5,400 சுற்றுள்ள 1 டி.பி., 7,200 சுற்றுள்ள 500 ஜி.பி., 250 ஜி.பி. எஸ்.எஸ்.டி. விலையில் பெரிய வேற்றுமை இல்லை. அவள் அப்பாவுக்கு 1 டி.பி.யில் கண். அதே விலைக்கு நான்கில் ஒரு பங்கு இடத்தை யார்தான் வாங்குவார்கள்?

நாங்கள் நால்வர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டில் கணக்கெடுத்தோம். எட்டு ஆண்டுகளில் நிறைந்தது மொத்தம் 190 ஜி.பி. அதில் அண்ணன் சேர்த்து வைத்த திரைப்படங்கள் 112. புகைப்படங்களும் கல்யாண வீடியோவும் 43. இயக்க முறையும் மென்பொருள்களும் 32. அக்கா எழுதியதும், தோழி இனி எழுதப் போவதும் சேர்ந்து 3. ஆக, வேகம் வேண்டியது 35 ஜி.பி.; வெறும் இடம் வேண்டியது 155 ஜி.பி. இந்தப் பட்டியலைப் பார்த்த பின் அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார்.

பெட்டியில் 250 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் 232 என்றே காட்டும். 500 வாங்கினால் 465 தெரியும், 1 டி.பி. 931 ஆகும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. செய்பவர்கள் 1,000 மடங்காக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 மடங்காக எண்ணுகிறது. நம் தேவையைக் கணக்கிடும்போது இந்தக் குறைவையும், எஸ்.எஸ்.டி.யில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட வேண்டியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிறைந்துபோன எஸ்.எஸ்.டி., எழுதும்போது வேகம் குன்றும்.

பெரிய டிஸ்க்கில் ஒரு நன்மையும் உண்டு, ஒரு தீமையும் உண்டு. தகட்டில் நெருக்கமாக எழுதுவதால் ஒரே சுற்றில் தலைக்கடியில் கடந்து போகும் செய்தி அதிகம். எனவே 5,400 சுற்றுள்ள புது 1 டி.பி., தொடர்ந்து படிப்பதில் பழைய 7,200 டிஸ்க்கைக்கூட எட்டிப் பிடிக்கும். தீமை என்னவெனில், இவ்வளவு நெருக்கம் வேண்டிப் பல 1 டி.பி., 2 டி.பி. டிஸ்க்குகளில் ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுகிறார்கள். ஓட்டு வீட்டுக் கூரையை நினையுங்கள். புதிதாக வேயும்போது வரிசை வரிசையாக விரைந்து முடியும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ளவற்றையும் தூக்கி அடுக்க வேண்டும். ஒருமுறை எழுதி வைத்துப் பார்க்கும் படங்களுக்கு இது போதும். தினமும் அழித்து அழித்து எழுதும் மடிக்கணினிக்கு ஏற்றதன்று.

எஸ்.எஸ்.டி.யிலும் இந்த இழுபறி ஒழியவில்லை. ஓர் அறையில் 3 பிட்டுக்குப் பதில் 4 பிட் அடைத்தால் மலிவாக இடம் கிடைக்கும். எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். ஆகையால் மிக மலிவாகக் கிடைத்தால் அது எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஹார்டு டிஸ்க்கோடு சிறிது ஃபிளாஷ் நினைவகத்தைச் சேர்த்த கலப்பு வகையும் வந்தது; 2010-இல் 500 ஜி.பி.யோடு 4 ஜி.பி. ஃபிளாஷ். நல்ல யோசனைதான். எஸ்.எஸ்.டி. விலை இறங்கியபின் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

தோழியின் வீட்டில் 250 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யே வாங்கினார்கள். ஆனால் அதில் திரைப்படங்களை ஏற்றவில்லை. 155 ஜி.பி.க்கும் யு.எஸ்.பி. வழியாக வெளியே இணைக்கும் டிஸ்க் ஒன்று, பிறகு தீபாவளிச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வாங்கினார்கள். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்திருந்தால் அதையே ஒரு யு.எஸ்.பி. உறைக்குள் போட்டுப் பயன்படுத்தியிருக்கலாம். 'டிக், டிக்' கேட்ட பிறகு அதை நம்புவது எப்படி?

வாங்குமுன் அளவு பார்க்க வேண்டும். இத்தகைய மடிக்கணினிகளில் 2.5 அங்குல டிஸ்க்தான் பொருந்தும். தடிமன் பழையவற்றில் பெரும்பாலும் 9.5 மி.மீ., புதியவற்றில் 7 மி.மீ. மெல்லியதைத் தடித்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்துப் பொருத்தலாம்; தடித்ததை மெல்லிய இடத்தில் திணிக்க முடியாது. 15 மி.மீ. தடிமனுள்ள 4, 5 டி.பி. டிஸ்க்குகள் எந்தச் சாதாரண மடிக்கணினியிலும் நுழையாது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் சூயிங்கம் பட்டைபோல் 22 மி.மீ. அகலமுள்ள எம்.2 வகை இருக்கும். அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு உண்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். கையேட்டைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். 2 ஜி.பி. ராம் மட்டுமே உள்ள மடிக்கணினியானால், அதையும் கூட்ட முடியுமா என்று அப்போதே கேட்டுவிடலாம். ராம் போதாதபோது கணிப்பொறி டிஸ்க்கையே கடன் கேட்கிறது.

எஸ்.எஸ்.டி.யைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் முனகி, எச்சரித்து, பிறகு ஓயும். எஸ்.எஸ்.டி. சத்தமின்றி ஒரு நாள் நின்றுவிடலாம். மேலும் மின் இணைப்பே இல்லாமல் பல ஆண்டுகள் பீரோவில் கிடந்தால் அறைகளில் உள்ள மின்னூட்டம் கசிந்து செய்தி அழியக்கூடும். ஆகையால் கல்யாண வீடியோவை நெடுங்காலம் பாதுகாக்கச் சுழலும் டிஸ்க்கே மேல். அதுவும் ஒன்றல்ல, இரண்டு பிரதி, இரண்டு வீட்டில்.

கழற்றிய டிஸ்க்கைப் பழைய சாமான்காரரிடம் பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன், அது ஓடுமானால் முழுவதும் அழித்து எழுதிவிட வேண்டும். ஓடாவிட்டால் தகட்டில் நாலு இடத்தில் துளை போடச் சொல்லலாம். தோழியின் அப்பா துளைப்பான் உள்ள தச்சரிடம் கொடுத்துப் போட்டுவிட்டார். நான்கு திருகாணிகளை மட்டும் புது எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவதற்காக எடுத்து வைத்துக்கொண்டார்கள். கடையில் வாங்கிய பெட்டியில் திருகாணி வரவில்லை.