லில்லிப் பூவும் பீடத்துணியும்: தங்கச்சிக்குச் சில டிப்ஸ்

தங்கச்சி, கோயில் துப்புரவு ரோட்டாவில் உன்ர பெயரும் விழுந்திட்டுதாம். சந்தோஷம். ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் இறங்கி இம்பீரியல் டிரைவாலே நடந்தால் புனித ஜோன் ஃபிஷர் கோயில் வந்துவிடும், மழையென்றாலும் குடையோடு போய்வரலாம். ஆனால் சாவி கைக்கு வருமுன் ஒன்று கேள். கவனிக்காமல் விட்டுக் கெட்ட கோயில் சாமான் கொஞ்சம். அவசரப்பட்டுத் துடைத்துக் கெட்டதுதான் கூட.

நானே அப்படி ஒன்றைக் கெடுத்தவள். முன்பு இருந்த பங்கில், உயிர்ப்பு ஞாயிறு காலமை, லில்லி மகரந்தம் வெள்ளைப் பீடத்துணியில் கொட்டிக் கிடந்தது. பூசைக்கு இன்னும் பத்து நிமிஷம். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். மஞ்சள் தண்ணி ஊற்றினது மாதிரி ஒரு முழ நீளத்துக்குக் கறை. பெந்தெகோஸ்து வரை, ஐம்பது நாளும், அந்த இடத்துக்கு மேலே ஒரு பூச்சாடி நகராமல் நின்றது. ஏன் என்று சுவாமி கேட்கவில்லை. கேட்காததுதான் கூட வெட்கம்.

அதனால் லில்லிக்கு ஈரம் ஆகாது. மொட்டு விரிகிற நேரமே உள்ளே நிற்கிற தண்டுகளின் நுனியை டிஷ்யூவால் கிள்ளி எடுத்துவிடு. அந்த நேரம் அது பொடியாகாமல் ஈரப்பசையோடு இருக்கும், கையிலும் ஒட்டாது. தவறித் துணியில் கொட்டினால் கையே வைக்காதே. செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடு, மிச்சத்தைத் தோய்க்கிறதுக்கு முன் வெயிலில் போடு. லண்டனில் வெயிலா என்று சிரிக்காதே, யன்னலோரம் இரண்டு நாள் போதும். மிஞ்சின லில்லியைப் பூனை வளர்க்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடாதே. பூனைக்கு அது நஞ்சு.

தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ இல்லை, நாலாம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் தவிர. இங்கத்தைய அன்னையர் தினமும் அந்த ஞாயிறுதான், 2026இல் மார்ச் 15. எல்லாரும் டாஃபடில் கொண்டு வருவார்கள். அதை வெட்டினவுடன் வடிகிற பால் மற்றப் பூக்களை வாட வைக்கும். தனி வாளியில் சில மணி நேரம் விட்டு, பிறகு திரும்ப வெட்டாமல் சாடிக்கு மாற்று.

பெரிய வேலைக்கு நல்ல நேரம் பெரிய வியாழன் பூசை முடிந்த பிறகு. பீடத்துணி, திரி எல்லாம் எடுத்து வெறுமையாக்கிவிடுவார்கள். அந்த இடைவெளிக்குள் துணிகளை வீட்டுக்குக் கொண்டு போ. இரசப் பாத்திரம் துடைக்கிற சின்னத் துணிகளை மெஷினில் அப்படியே போடாதே. முதலில் கையால் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் குசினித் தொட்டியில் விடாமல் மண்ணில் ஊற்று. லிப்ஸ்டிக் கறைக்கு, பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு தேய்த்து வைத்தால் போகும்.

பித்தளைக்குப் பழப்புளி போடத்தான் உனக்குக் கை துடிக்கும். எனக்கும் அப்படித்தான். அம்மா குத்துவிளக்கை மினுக்கினது அப்படித்தானே. ஆனால் இங்கத்தைய மெழுகுதிரித் தண்டுகள் பலதுக்கு வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கு. புளியோ பிராஸோவோ பட்டால் அது திட்டுத் திட்டாய் உரியும். அடிப்பக்கத்தில் ஒரு ஓரம் தேய்த்துப் பார், துணியில் கறுப்பு வராவிட்டால் பூச்சு உண்டு. அதுக்கு ஈரத்துணி மட்டும் போதும். தங்க முலாம் பூசின கிண்ணத்தில் எந்தப் பாலிஷும் வேண்டாம், இளஞ்சூட்டுத் தண்ணியும் மெல்லிய துணியும்தான்.

மெழுகு வாங்கிலும் கார்ப்பெட்டிலும் சொட்டுகிறது பாஸ்கா திருவிழிப்பு இரவில்தான். தொடங்குமுன் சனத்துக்கு ஒரு வரி சொல்லச் சொல்: எரிகிற திரியை நிமிர்த்திப் பிடி, அணைந்த திரியைச் சரித்துப் பற்ற வை. இதைச் சொன்னாலே பாதிக் கறை இல்லை. சொட்டினால் உடனே துடைக்காதே, இறுகட்டும். ஐஸ் கட்டியைப் பையில் போட்டு வைத்து, மொட்டைக் கத்தியால் சுரண்டு. மிச்சத்துக்குப் பழுப்புக் கடுதாசி விரித்து மேலே இளஞ்சூட்டு ஸ்திரிகைப்பெட்டி. கடுதாசி மெழுகைக் குடித்துவிடும்.

மணிக்கூட்டையும் கவனி. 2026இல் குருத்து ஞாயிறும் மணி முன்னுக்குப் போகிற நாளும் ஒன்றே, மார்ச் 29. காலமைப் பூசைக்குச் சாவி வைத்திருக்கிறவள் நீயென்றால், முதல் நாள் இரவே சுவர் மணிக்கூட்டைத் திருப்பிவிடு. அதுக்கடுத்த சனி, ஏப்ரல் 4, சூரியன் மறையவே ஏழரை தாண்டும். இருட்டின பிறகுதான் திருவிழிப்பு தொடங்கலாம், அதனால் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை முன்னமே கொடு. 2027இல் உயிர்ப்பு ஞாயிறே மணி மாறுகிற நாள், மார்ச் 28. முதல் நாள் ஆறரைக்கே இருட்டத் தொடங்கும், ஆனால் அந்த இரவில் ஒரு மணித்தியால நித்திரை போகும்.

2026 உயிர்ப்பு ஞாயிறு, ஏப்ரல் 5, வரி வருஷத்தின் கடைசி நாளும்கூட. கிஃப்ட் எய்ட் படிவம் நிரப்பாமல் எத்தனை பேர் கவரில் பவுண் போடுகிறார்கள்! வருமான வரி கட்டுகிற ஒருவர் கையெழுத்து வைத்தால், ஒரு பவுணுக்கு அரசு 25 பென்ஸ் கூட்டித் தரும். வாசலில் வாழ்த்துச் சொல்லுகிறபோது கையில் இரண்டு படிவம் வைத்திரு.

தோட்டத்தில் வேலி வெட்டுகிறதென்றால் குருவி கூடு கட்டுமுன் வெட்டு. கட்டின கூட்டைக் கலைக்கிறது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பீலி சுத்தம் செய்ய ஏணியில் மட்டும் ஏறாதே, சாறியோடு.

கடைசியாய், குருத்தோலை. காய்ந்த சிலுவைகளைச் சனம் வாங்கிலேயே விட்டுப் போகும். குப்பையில் போட்டுவிடாதே, எரித்துத்தான் அடுத்த சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறது. அது 2027 பிப்ரவரி 10. ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு மூடியில் வருஷத்தை எழுதி வை. என்ர அலுமாரிக்கு மேலே வெறும் பேணி ஒன்று இருக்கு, ஞாயிற்றுக்கிழமை வரேக்க எடுத்துக்கொண்டு போ.