எல்லோருக்கும் கிடைக்கும் பதக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பயிற்சி முடிந்து நீ அதிகாரியாகப் போவதில் இந்த வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால், “வீரத்துக்குக் கொடுக்கிற சக்ரா வாங்கணும் மாமா, களத்தில் இருந்தவனுக்கெல்லாம் கொடுக்கிற மெடலில் என்ன இருக்கிறது?” என்று எழுதியிருந்தாயே, அது மனதை உறுத்துகிறது.

ராமேசுவரத்தில் பிறந்த மேஜர் சரவணனை உனக்குத் தெரியும். பீகார் ரெஜிமென்ட், முதல் பட்டாலியன். கார்கில் போரில், 1999 மே 29 அன்று படாலிக் மலையில் விழுந்தபோது வயது 26. உடல் கீழே வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா கொடுத்தார்கள். திருச்சியில் நினைவுத்தூண் நிற்கிறது. ஆனால் அந்தப் போரில் உயிர் விட்டவர்கள் 500-க்கும் மேல். சக்ரா கிடைத்தவர்கள் அதில் சிலர்தான். யாரும் பார்க்காத பாறை இடுக்கில் விழுந்தவனின் வீரத்துக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? அவன் அங்கே நின்றான் என்பதற்கு, களத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த ‘ஆபரேஷன் விஜய் ஸ்டார்’ பதக்கம்தான் சாட்சி. உயிரோடு திரும்பியவனுக்கும் திரும்பாதவனுக்கும் அது ஒன்றுதான்.

இந்தச் சமத்துவம் லேசில் வந்ததல்ல. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்ததற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பதக்கம் அடித்தது: மேல்மட்ட அதிகாரிகளுக்குத் தங்கம், சிப்பாய்க்குத் தகரம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். 1815 வாட்டர்லூ போருக்குத்தான் வெலிங்டன் பிரபுவுக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். விளிம்பில் அவரவர் பெயர். பிரிட்டிஷ் படையில் மாண்டவர்களின் குடும்பத்துக்குப் போர்ப் பதக்கம் போய்ச் சேர்ந்ததும் அதுதான் முதல்முறை.

முதல் உலகப் போருக்குப் பின் இன்னொன்று நடந்தது. மாண்ட சிப்பாயின் வீட்டுக்குப் பதக்கம் தானாகப் போயிற்று. மாண்ட அதிகாரியின் குடும்பமோ மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்த மனதோடு அந்தத் தாளை நிரப்பியிருப்பாள்?

நாளை உன் கீழே ஒருவன் விழுந்தால், அவன் வீட்டாரை அப்படி அலைய விடாதே. தாள்களை நீயே எழுது. பதக்கத்தின் விளிம்பில் பெயர் சரியாக இருக்கிறதா என்று நீயே பார். முடிந்தால் நேரில் கொண்டுபோய் அவன் அம்மா கையில் கொடு. சக்ரா தானாக வந்தால் வரட்டும். அதைத் தேடி உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாதே.

இப்படிக்கு,
உன் மாமா