ஃபேனுக்கு ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டப் போகிறீர்களா?

படுத்த இடத்திலிருந்தே ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, முட்டிவலியால் எழ முடியாத பெரியவர்களுக்குப் பெரிய உதவி. வாங்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

● விளக்குக்கான டிம்மரை ஃபேனுக்கு இணைக்கவே கூடாது. 'உம்ம்' என்று இரைவதோடு மோட்டாரும் சூடேறும். ஃபேனுக்கென்றே வரும், கெப்பாசிட்டர் வகை ஸ்மார்ட் ரெகுலேட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

● பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் ஒயர் தேவை. பழைய வீட்டு சுவிட்ச் பாக்ஸ்களில் அது இல்லாமலிருக்கலாம். எலக்ட்ரீஷியனை விட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

● பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே லைனில் இருந்தால் வேகம் சரியாக மாறாது.

● மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. (BLDC) ஃபேனுக்கு வேகத்தை மாற்றும் கருவி அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் மட்டும் போதும். வேகத்தை ரிமோட்டில் மாற்றுங்கள். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட்ஸ் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட்ஸ் அளவே போதும்.

● வைஃபை சுவிட்சுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்கும். ரவுட்டரில் அது இருக்கிறதா, படுக்கையறை வரை சிக்னல் எட்டுகிறதா என்று பாருங்கள்.

● நெட் போனாலும் சுவரில் தட்டினால் ஃபேன் சுற்ற வேண்டும். அப்படிப்பட்டதையே தேர்ந்தெடுங்கள்.

● மாட்டும்போது மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஒயரைத் தொடவேண்டும்.

● விடியற்காலை 4 மணிக்கு வேகம் குறையும்படி டைமர் வைத்தால், குளிரில் குழந்தைகளின் தூக்கம் கலையாது.