பிலிமை வெட்டுங்கள், கேமராவை வெட்டாதீர்கள்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ரோல் போடுறது கஷ்டமா இருக்கே, இதுல ஏதாவது மாத்த முடியுமா?" என்றுதான். என்னிடம் இருப்பது முதல் மாடல் ஸோர்க்கி. 1932-இல் வந்த இரண்டாம் லைக்காவின் நகல். மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் 1948 முதல் செய்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஜவ்வாது மலையில் சில ஆண்டுகளாக அலைந்ததில் எனக்குக் கிடைத்த பதில் இது: மாற்ற வேண்டியது பெரும்பாலும் பிலிமைத்தான். கேமராவில் கைவைக்க வேண்டிய இடங்கள் மிகக் குறைவு.

முதுகில் கதவு ஏன் இல்லை?

இந்தக் கேமராக்களுக்குப் பின்கதவு கிடையாது. அடித்தகட்டைக் கழற்றி, ரோலையும் சுற்றுருளையையும் கீழிருந்து செருக வேண்டும். லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக்கின் ஏற்பாடு இது. உடல் ஒரே கூடாக இருப்பதால் உறுதி அதிகம், வெளிச்சம் கசிய வழி குறைவு. திருகு லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே 28.8 மில்லிமீட்டர் தூரம் மாறாமல் இருந்தால்தான் ரேஞ்ச்ஃபைண்டர் காட்டும் ஃபோகஸ் படத்திலும் விழும். பிலிம் எளிதாக நுழையட்டும் என்று உள்தண்டவாளத்தை அரத்தால் ராவுவது, அழுத்தத் தகட்டின் ஸ்பிரிங்கைத் தளர்த்துவது, முதுகை அறுத்துக் கதவு வைப்பது எல்லாமே இந்தக் கணக்கைக் கெடுக்கும் வேலைகள்.

சிக்கலின் வேர் பிலிமின் நாக்கில் இருக்கிறது. ரோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குறுகிய பகுதி இன்றைய ரோல்களில் நாலைந்து சென்டிமீட்டர்தான். இப்படிக் கீழிருந்து ரோல் போடும் அடிவழிக் கேமராவுக்குப் பத்து சென்டிமீட்டராவது வேண்டும். நாக்கு குட்டையாக இருந்தால், முழு அகலப் பிலிம் பல்சக்கரத்திலும் படஜன்னல் விளிம்பிலும் இடிக்கும். அழுத்தித் தள்ளினால் ஓரம் கிழியும். கிழிந்த துணுக்கு ஷட்டர் திரைக்குள் போனால் செலவு ரோலோடு நிற்காது.

நாக்கை நீட்டுவது

ஏற்கெனவே வெட்டியிருக்கும் அதே பக்கத்தில், அதே அகலத்தில், பத்து சென்டிமீட்டர்வரை வெட்டை நீட்டுங்கள். முடியும் இடத்தில் செங்குத்தாக வெட்டாமல் வளைவாக இறக்குங்கள். கத்திரி பிலிமின் ஓரத்துத் துளையின் குறுக்கே போகக் கூடாது. பாதி வெட்டுப்பட்ட துளையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். லைக்கா நிறுவனம் இதற்கென்றே ஒரு உலோக அச்சு விற்றது. நான் கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் அதே வடிவத்தை வெட்டி வைத்திருக்கிறேன். இதனால் ஒன்றிரண்டு படம் குறையலாம். 36 கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

வெட்டும் வேலையை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. மலைமேலுள்ள ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் ஒருமுறை தையல்காரரிடம் கத்திரி கேட்டேன். "துணி வெட்டுற கத்திரி தம்பி, பிலிம வெட்டினா முனை போயிடும்" என்று கையில் தராமல் மேசைக்குள் வைத்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம். அன்றிலிருந்து முனை மழுங்கிய சின்னக் கத்திரி ஒன்று பையிலேயே இருக்கிறது.

வெட்ட முடியாதபோது

அதே ஃபைல் அட்டையில், ஓரங்களை உருட்டி, ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத் துண்டு ஒன்றும் தயார் செய்துகொள்ளுங்கள். அதைக் கீழிருந்து படஜன்னலுக்கும் அழுத்தத் தகட்டுக்கும் நடுவே செருகி, பிலிமை அட்டைக்கும் தகட்டுக்கும் இடையே வழுக்கி இறக்கி, பிறகு அட்டையை உருவிவிடலாம். வெட்டாத பிலிமும் இடிக்காமல் இறங்கும். லென்ஸைக் கழற்றி, ஷட்டரைத் திறந்து பிடித்து, முன்பக்கமாக விரல்விட்டு பிலிமை ஏற்றுகிறவர்களும் உண்டு. விரல் திரையில் பட்டால் ஆபத்து என்பதால் மலையில் அதை நான் செய்வதில்லை.

கேமராவில் செய்யக்கூடியவை

சுற்றுருளையின் பிடிப்புத் தகடு நாள்பட்டுத் தளர்ந்திருக்கும். அதைச் சாமணத்தால் இம்மியளவு உள்ளே வளைத்தால் நாக்கு நழுவாது. பிடிக்கவில்லையே என்று செல்லோடேப் ஒட்டாதீர்கள். படம் முடிந்து திருப்பிச் சுற்றும்போது பிலிம் விடுபடாது. பசை உள்ளேயே தங்கும்.

அடுத்தது, திருப்பிச் சுற்றும் குமிழின் மேல் வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி. ரோல் போட்டதும் குமிழை அம்புக்குறிப்பக்கம் மெதுவாகத் திருகித் தொய்வை எடுங்கள். பிறகு பிலிமை நகர்த்தும்போது புள்ளி எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் பிலிம் ஓடவில்லை. பீமன் அருவியை எத்தனை கோணத்தில் எடுத்தாலும் ரோல் வெறுமையாகத்தான் திரும்பும். என் கேமராவில் நான் செய்த நிரந்தர மாற்றம் இந்தப் புள்ளி ஒன்றுதான்.

மலைக்கென்று சில

பேருந்து ஓடும்போது ரோல் மாற்ற வேண்டாம். போளூரிலிருந்து ஏறும் வளைவுகளில் அடித்தகடும் சுற்றுருளையும் ஆளுக்கொரு திசையில் உருளும். கழற்றியவுடன் தகடு சட்டைப்பைக்கு, உருளை வாய்மூடிய டப்பாவுக்கு என்று பழக்கிக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் மண்பாதை முழுக்கப் புழுதி. ரோலின் வாயில் இருக்கும் வெல்வெட் துணியில் ஒரு மணல் துகள் ஒட்டினாலும் முதல் படம் முதல் கடைசிப் படம்வரை ஒரே நேர்கோடாகக் கீறும். மரநிழலில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று மாற்றுங்கள்.

நடுவழியில் பிலிம் சிக்கினால் பலம் காட்டாமல் இரவுவரை பொறுப்பது மேல். காவலூரில் வானாய்வகம் அமைக்க 1960களில் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இங்குள்ள இருட்டு ஒரு முக்கியக் காரணம். நமக்கும் அது உதவும்: விளக்கை அணைத்து, ஜன்னலை அடைத்து, போர்வைக்குள் கைவிட்டு அடித்தகட்டைத் திறந்தால் எடுத்த படங்கள் தப்பும். முடிந்த ரோலை நாக்கு முழுதும் உள்ளே போகும்வரை சுற்றிவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் அதையே புது ரோல் என்று மறுபடி போட்டுவிடுவோம்.

இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு

கேமராவை மாற்றுவதைவிட வேறு கேமராவுக்கு மாறுவது சிக்கனம். 1955-இல் வந்த ஃபெட்-2, அடுத்த ஆண்டு வந்த ஸோர்க்கி-4 இரண்டிலும் முதுகு முழுதாகக் கழன்றுவரும்; பத்து சென்டிமீட்டர் நாக்கு தேவையில்லை. 1967-இன் லைக்கா எம்-4-இல் கழலும் உருளைக்குப் பதில் மூன்று இதழ்ப் பிடிப்பு உண்டு. எம்-2, எம்-3 வைத்திருப்பவர்கள் இதே வசதிக்கு லைக்காவே விற்ற உதிரிப்பாகத்தைத் தேடிப் பொருத்தலாம். பழைய உருளையைப் பத்திரப்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். 1972-இன் கேனனெட் ஜி-III க்யூஎல்-17 இன்னும் எளிது: நாக்கைச் சிவப்புக் குறிவரை இழுத்துவைத்து மூடினால் போதும்.

அடிவழிக் கேமராவோடுதான் போவேன் என்றால் காலாவதியான ரோல் ஒன்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். ஸ்டூடியோக்களில் கேட்டால் கிடைக்கும். அதைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, கண்ணை மூடிக்கொண்டும் போட வரும்வரை பழகிவிட்டு மலையேறுங்கள்.