புலம்பெயர் சிறுகதைகளில் முதிய பெற்றோர்



1983 யூலைக் கலவரத்தின் பின் ஈழத்தமிழர் பலர் கனடா, சுவிற்சர்லாந்து, பிரித்தானியா, நோர்வே முதலிய நாடுகளுக்குச் சென்றனர். பிள்ளைகள் போக, பெற்றோர் பலர் ஊரிலேயே தங்கினர். இப்பிரிவு புலம்பெயர் இலக்கியத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாயிற்று. இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொன்னுத்துரையும் தொகுத்த புலம்பெயர் சிறுகதைத் தொகுதி 1994இல் வெளிவந்தது. அதன் பெயர் ‘பனியும் பனையும்’. பனி சென்ற நாட்டையும், பனை பிறந்த மண்ணையும் குறிக்கும் எனக் கொள்ளலாம்.

இந்து வழக்கில் தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பர். 31ஆம் நாள் அந்தியேட்டி நடைபெறும். ஆகவே இக்கதைகளில் வரும் பெற்றோரின் ஏக்கம் ‘யார் சோறு தருவார்?’ என்பதோடு நிற்பதில்லை. ‘யார் கொள்ளி வைப்பார்?’ என்பதுமாகும்.

பயிற்சிக்காக அமைத்த கதைச்சுருக்கம்:
அக்கராயனில் ஒரு தந்தை. அவருடைய ஒரே மகன் சுவிசில் அகதி விண்ணப்பம் செய்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். மாதாமாதம் காசு அனுப்புகிறான். தந்தை அக்காசில் வீடு கட்டி, மகனுக்கென ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார். ஒருநாள் அவர் இறந்துபோகிறார். பெறாமகன் கொள்ளி வைக்கிறான். மகன் கைத்தொலைபேசியில் பார்த்து அழுகிறான்.

வினா 1: இக்கதையின் கருப்பொருள் யாது?

பலர் எழுதும் விடை: ‘பெற்றோரை மறந்த பிள்ளையின் நன்றிகெட்ட தன்மை.’ இது பொருந்தாது. மறந்தவன் காசு அனுப்பமாட்டான். உயிருக்கு அஞ்சி விட்டுவந்த நாட்டுக்கே திரும்பினால் அவனது அகதி விண்ணப்பம் பாதிக்கப்படும்.

சிறந்த விடை: ‘மகன் வெளிநாட்டில் இருப்பதாலேயே வீடு எழுகிறது; அங்கே இருப்பதாலேயே அவனால் கொள்ளி வைக்க வரமுடியவில்லை. கடமையின் ஒரு பாதி மறுபாதியைத் தடுக்கும் அவலமே கருப்பொருள்.’

வினா 2: பூட்டிய அறை எதன் குறியீடு?

விடை: மகன் வருவான் என்ற நம்பிக்கையின் குறியீடு. தந்தை இறந்தபின் அதுவே நிறைவேறாத நம்பிக்கையின் குறியீடாகிறது.

கவனிக்க: பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இச்சட்டத்தின்கீழ்ப் பராமரிப்புப் பணமும் கோரலாம். ஆனால் இத்தந்தைக்குக் காசு குறையவில்லை. மகன் பக்கத்தில் இல்லாததே குறை. சட்டம் தீர்க்க முடியாத அந்தக் குறையைத்தான் இத்தகைய சிறுகதைகள் பேசுகின்றன.

பயிற்சி: இக்கதையைத் தந்தையின் கூற்றாக ஐந்து வசனங்களிலும், மகனின் கூற்றாக ஐந்து வசனங்களிலும் எழுதுக. இரண்டையும் வாசித்தபின் எவர்மீதும் கோபம் வராவிட்டால், கதை உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்க.